படகை விட்டு இறங்காத தாய்மாமன்

நத்தக்காட்டு ஆட்களை முட்டாள்கள் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சொல்ல வேண்டியவர்களும் நத்தக்காட்டிலேயே குடியிருந்தார்கள் என்பதுதான் காரணம். வெளியூர்க்காரர்கள் அந்தப் பக்கம் வருவது குறைவு. வந்த ஒன்றிரண்டு பேரும் வழி கேட்டு, சொன்ன வழியில் போய், பொழுது சாயும்போது திரும்ப அதே ஊருக்கே வந்து சேர்ந்து, நாளடைவில் அங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள்.

அந்த ஊரில் அதிகம் யோசிக்கிறவர் என்று பெயர் வாங்கியவர் கொளஞ்சியப்பன். வயது ஐம்பத்து நான்கு. மற்றவர்கள் ஒரு காரியத்தைத் தப்பாகச் செய்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். கொளஞ்சியப்பன் மட்டும் சாப்பிடாமல் உட்கார்ந்து, எங்கே பிசகினோம் என்று யோசித்து யோசித்து, மறுநாள் அதே தப்பை இன்னும் கவனமாகச் செய்வார்.

அவருக்கு ஆறாத வருத்தம் ஒன்று இருந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், கடற்கரை ஊரில் வாழ்க்கைப்பட்ட தங்கை செந்தாமரை தன் மகளுக்குக் காதுகுத்து வைத்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தோடு கொண்டு வருகிறாய், கூட்டமில்லாத பஸ்ஸாகப் பார்த்து ஏறு என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கொளஞ்சியப்பன் மச்சினன் வேம்பையனையும் பங்காளி அம்மாசியையும் கூட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே ரோட்டுக்கு வந்துவிட்டார். காலி பஸ் ஒன்று வந்து நின்றது. ஏறப்போன சமயத்தில் அவர் தன் புத்தியை உபயோகித்தார். இப்போது காலிதான், நாம் மூன்று பேர் ஏறினால் மூன்று பேர், நமக்குப் பின்னால் நிற்கிற பத்துப் பேரும் ஏறினால் அது கூட்டம்தானே? போகட்டும் என்று விட்டார். அடுத்த பஸ்ஸுக்கும் அதே கணக்குத்தான் வந்தது. அதற்கடுத்ததற்கும். சாயங்காலம் ஆறரைக்கு நிஜமாகவே ஈ காக்கை இல்லாமல் ஒரு பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்கள். அது பணிமனைக்குப் போகிற பஸ்.

குழந்தைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். செந்தாமரை அதோடு அண்ணனிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

அன்று பணிமனை வாசலில் உட்கார்ந்து கொளஞ்சியப்பன் ஒரு முடிவுக்கு வந்தார். கெடுத்தது வேறெதுவும் இல்லை, சொந்தப் புத்திதான். இனிமேல் யார் என்ன சொன்னாலும் சொன்னபடி செய்வது, கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வேம்பையனும் அம்மாசியும் இதை ஆமோதித்தார்கள். அவர்களுக்கு அதில் பெரிய சிரமம் எதுவும் இருக்கவில்லை.

இந்த வைகாசியில் ஒருநாள் போன் வந்தது. எடுத்தால் செந்தாமரை.

"உன் மருமவ தையல்நாயகிக்கு வர்ற ஞாயித்துக்கிழமை கல்யாணம். ஒம்பதுலேர்ந்து பத்தரை முகூர்த்தம். தாய்மாமன் மாலை போட்டு அழைச்சுக்கிட்டு வந்தாத்தான் மணவறையில ஏறுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. அவளுக்காகத்தான் கூப்பிடறேன். இதுக்கும் வரலேன்னா என் வீட்டு நிலைப்படியை நீ மிதிக்கவே வேணாம்."

கொளஞ்சியப்பன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வருகிறேன் தாயி என்று மட்டும் சொன்னார். அப்புறம் நாலு நாளும் அவருக்கு ஒரே கவலை. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நின்றால் பிள்ளைக்குக் கால் வலிக்காதா?

தங்கை குடியிருந்த மதிற்பாக்கம் பழைய கோட்டை ஊர். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் சுற்றிலும் மதில் எழுப்பிக் கட்டியது. எந்த நாட்டு வெள்ளைக்காரர்கள் என்பதில் ஊருக்குள் இரண்டு கட்சி உண்டு. உள்ளே போக இரண்டே வாசல்: மேற்கே தரைவாசல், கிழக்கே கடல்வாசல். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது தரைவாசலின் வளைவு இடிந்து விழுந்து வழி அடைபட்டுவிட்டது. மதிலின் மற்றப் பக்கமெல்லாம் அலை மோதும். ஆகவே, பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆற்று முகத்துவாரத்தில் படகு பிடித்து, கடல்வாசல் வழியாக வரச்சொல்லிச் செந்தாமரை மறுபடியும் போன் செய்தாள்.

மூன்று பேரும் பட்டுச் சட்டை, பட்டு வேட்டியோடு ஞாயிறு காலை ஆறரைக்குப் பாலத்தடியில் இறங்கினார்கள். கூடையில் மாலை. சம்பங்கியும் ரோஜாவும் வைத்துக் கை தடிமனுக்குக் கட்டியது. மணலில் படகுகளெல்லாம் கவிழ்ந்து கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை படகு ஓடாது, எல்லாரும் மாதா கோயில் பூசைக்குப் போயிருக்கிறார்கள், கல்யாண விருந்தாளிகளை நேற்றே கொண்டுபோய் விட்டாயிற்று என்றார் வலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர். வேண்டுமானால் ரெஜினாவைக் கேளுங்கள் என்று ஒரு கொட்டகையைக் காட்டினார்.

ரெஜினா சுற்றுலா வருகிறவர்களுக்குக் கயாக் வாடகைக்கு விடுகிறவள். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் விசில். நீச்சல் தெரியுமா என்று கேட்டாள். எங்கள் ஊரில் தண்ணீரே கிடையாது, அதனால் இதுவரை யாரும் மூழ்கியதில்லை என்று கொளஞ்சியப்பன் பெருமையாகச் சொன்னார். அவள் முதலில் முடியாது என்றாள். தாய்மாமன், முகூர்த்தம், பதினெட்டு வருஷம் எல்லாவற்றையும் அவர் சொல்லி முடித்தபோது அவள் முகம் இளகிவிட்டது. கரையோரமாகவே போனால் இடுப்பளவு தண்ணீர்தான். எட்டு மணிக்கு ஒரு கூட்டம் வரும், அவர்களை அனுப்பிவிட்டுத் தானும் பின்னாலேயே வருவதாகச் சொல்லி, மூன்று பேர் உட்காரும் பழைய கயாக் ஒன்றை இழுத்துவந்தாள்.

அது அவர்கள் அறிந்த படகு போல இல்லை. நீளமான சுரைக்காயில் மூன்று இடத்தில் ஓட்டை போட்டது போல இருந்தது. ஓட்டைக்குள் காலை விட்டு இடுப்பு வரைக்கும் இறங்கி உட்கார வேண்டும். மிதவைச் சட்டை ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். பட்டுச் சட்டை மறைந்துவிடுமே என்று மூன்று பேரும் மிதவையை உள்ளே போட்டு அதன் மேல் பட்டுச் சட்டையை மாட்டினார்கள். மூன்று பேருக்கும் பயில்வான் மாதிரி நெஞ்சு வந்துவிட்டது.

"நல்லாக் கேட்டுக்குங்க," என்றாள் ரெஜினா. "கரை எப்பவும் உங்க சோத்துக் கைப்பக்கம் இருக்கணும். முன்னால உட்கார்றவர் என்ன செய்றாரோ அதையேதான் பின்னால இருக்கிறவங்களும் செய்யணும். ஆளுக்கொரு பக்கம் துடுப்புப் போட்டா கவுந்துடும். அப்புறம், எது நடந்தாலும் சரி, படகை விட்டு மட்டும் இறங்கிடாதீங்க. நான் வந்து சொன்னாத்தான் இறங்கணும்."

கொளஞ்சியப்பன் மூன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினார். ஒரு சொல் பிசகவில்லை. ரெஜினாவுக்கு அதில் ரொம்பத் திருப்தி. பாவம், அவளுக்கு நத்தக்காட்டைத் தெரியாது.

முன்னால் கொளஞ்சியப்பன், நடுவில் வேம்பையன், கடைசியில் அம்மாசி. அம்மாசி மட்டும் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான். திரும்பி வரணும், போகிற வழியை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள் என்று அவன் பெண்டாட்டி சொல்லி அனுப்பியிருந்தாள். முதுகுக்குப் பின்னால் இருக்கிற கொளஞ்சியப்பன் செய்வது அவனுக்குத் தெரியாது என்பதால், நடுவிலிருந்த வேம்பையன் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தான்.

"மச்சான் துடுப்புப் போடறார்."

"போட்டாச்சு," என்பான் அம்மாசி.

"மச்சான் மூக்கைச் சொறியறார்."

"சொறிஞ்சாச்சு."

இப்படி அரை மணி நேரம் உயிரைக் கொடுத்துத் துழாவினார்கள். கரையில் காயப்போட்டிருந்த ஒரு நீல வலை மட்டும் அவர்களுக்கு நேராகவே இருந்துகொண்டிருந்தது. கொளஞ்சியப்பனுக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. நாம் போகிறோமா, போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோமா? ஐம்பத்து நான்கு வயதில் அடிக்கடி வருகிற சந்தேகம்தான் அது. ஆனால் கடலில் வந்தபோது அவருக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. வேம்பையன் விளக்கிவிட்டான். பஸ்ஸில் போகும்போது நிலா கூடவே வருவதில்லையா, அதுபோல வலையும் கூடவே வருகிறது.

அப்போதுதான் அம்மாசி நிதானமாகச் சொன்னான்: "அண்ணே, கரை எனக்குப் பீச்சாங் கைப்பக்கமா இருக்கு."

எல்லாரும் துடுப்பை நிறுத்தினார்கள். இது விளையாட்டுக் காரியமில்லை. கரை சோற்றுக் கைப்பக்கம் இருக்க வேண்டும் என்று அந்த அம்மாள் மூன்று பேருக்கும் பொதுவாகத்தான் சொன்னாள். இரண்டு பேருக்குச் சரியாக இருந்து ஒருவனுக்குத் தப்பாக இருந்தால் அது பாதி கீழ்ப்படிதல்தான். படகைத் திருப்பிவிட்டால் அம்மாசிக்குச் சரியாகிவிடும், மற்ற இருவருக்கும் தப்பாகிவிடும். பேசி முடிவு செய்து, ஆளுக்குக் கொஞ்ச தூரமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நூறு துடுப்பு தெற்கே, நூறு துடுப்பு வடக்கே. யாருக்கும் வஞ்சகமில்லை.

மூன்றாவது முறையும் நீல வலை எதிரே வந்தபோது கொளஞ்சியப்பன் மணியைப் பார்த்தார். எட்டேகால். தங்கையின் குரல் காதுக்குள் கேட்டது. நிலைப்படியை மிதிக்கவே வேணாம்.

"அம்மாசி கண்ணை மூடிக்கட்டும்," என்றான் வேம்பையன். "கண்ணை மூடிட்டா அவனுக்குக் கரையே கிடையாது. இல்லாத கரை எந்தக் கைப்பக்கம் இருந்தா என்ன?"

இது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. கண்ணை மூடிக்கொண்டு துடுப்புப் போட்டால் யார் தலையிலாவது படும் என்பதால் துடுப்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மாலைக் கூடையை அவன் மடியில் கொடுத்தார்கள். உடனே படகு தெற்கே விர்ரென்று போக ஆரம்பித்தது. நீல வலை பின்தங்கியது. வலைக்குக் களைப்பு வந்துவிட்டது என்றான் வேம்பையன்.

ஆனால் முன்னால் இருப்பவர் செய்வதைப் பின்னால் இருப்பவன் செய்தாக வேண்டும் என்ற உத்தரவு அப்படியேதான் இருந்தது. மச்சான் துடுப்புப் போடறார் என்று வேம்பையன் சொல்வதும், போட்டாச்சு என்று அம்மாசி சொல்வதும் நிற்கவில்லை. கையில் துடுப்பில்லாதவன் எதைப் போடுகிறான் என்று கொளஞ்சியப்பனுக்கு ஒரு மைல் போனபிறகுதான் தோன்றியது. திரும்பிப் பார்த்தார். அம்மாசி கண்ணை இறுக மூடிக்கொண்டு, தாய்மாமன் மாலையால் கடலைத் துழாவிக்கொண்டிருந்தான். அவர்கள் வந்த வழி நெடுக, சம்பங்கியும் ரோஜாவும் வரிசையாக மிதந்தன.

மாலையை மேலே இழுத்தபோது நார் மட்டும் மிச்சமிருந்தது. நாரில் ஏழு பூ. நடுவில் பச்சையாகக் கடற்பாசி ஒரு பிடி, குஞ்சம் போலத் தொங்கியது. வழி பார்த்து வைப்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது என்று அம்மாசி சொன்னான். கொளஞ்சியப்பன் நாரை வாங்கிக்கொண்டார். ஏழு பூவையும் நாரில் இடைவெளி விட்டு ஒதுக்கினார். எண்ணிக்கை கூடவில்லை.

மதிற்பாக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. காரை உதிர்ந்த செங்கல் மதில், அதன் மேலே ஆலஞ்செடி, நடுவில் கறுத்த கடல்வாசல். உள்ளேயிருந்து நாதஸ்வரம் வந்தது. மதிலின் ஒரு பகுதியைப் பல வருஷத்துக்கு முன்பே கடல் தின்றிருந்தது. விழுந்த கற்கள் தண்ணீருக்குள் கிடந்தன. கயாக் அவற்றின் மேல் ஏறி, பழைய வேட்டி கிழிவது போல ஒரு சத்தம் கொடுத்து, அடிவயிறு நீளமாகப் பிளந்துகொண்டது.

தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. தண்ணீர் வந்தால் மொண்டு வெளியே ஊற்றுங்கள் என்று ரெஜினா ஒரு பிளாஸ்டிக் மக்கைக் கட்டி வைத்திருந்தாள். வேம்பையன் மக்கை எடுத்தான், மொண்டான், அப்படியே கையை நிறுத்திவிட்டான்.

"மச்சான், தண்ணியைக் கீழயா ஊத்தச் சொல்றீங்க?"

நத்தக்காட்டில் முகம் கழுவின தண்ணீரைக் கன்றுக்குட்டிக்கு வைப்பார்கள். கன்றுக்குட்டி மிச்சம் வைத்தால் வாழைக்கு. அப்படி இருக்கும்போது, கேட்காமலே வீடு தேடி வந்த தண்ணீரை எந்த மனசோடு கொட்டுவது? கொண்டுவந்திருந்த இரண்டு பாட்டிலையும் தூக்குவாளியையும் நிரப்பி மூடினார்கள். கூடையைத் துணி போட்டு நிரப்பிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. மக்கையும் நிரப்பி அம்மாசி கையில் கொடுத்துச் சிந்தாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அதற்குள் மூன்று பேரின் காலும் பிளவு வழியாக அடியில் மணலைத் தொட்டன. கடல்வாசலுக்கு நேர் எதிரே கரை தட்டியிருந்தார்கள். மணி ஒன்பது ஐம்பது.

வாசலில் இருந்த காவல்காரர் செபஸ்தி இறங்கி வரச்சொல்லிக் கைகாட்டினார். மூன்று பேரும் இறங்கக்கூடாதென்று தலையை ஆட்டினார்கள். நாதஸ்வரக்காரர் உள்ளே கெட்டிமேளத்துக்கு ஒத்திகை பார்ப்பது போல வேகம் எடுத்தார்.

"நாம இறங்க வேணாம்," என்றான் வேம்பையன் கடைசியில். "நாம எழுந்து நிப்போம். படகும் நம்மளோட எழுந்திருக்கும். இறங்கினாத்தானே தப்பு?"

கொளஞ்சியப்பன் அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஓட்டை எதுவும் தெரியவில்லை. எழுந்தார்கள். படகு மூன்று பேர் இடுப்பிலும் பாவாடை போலத் தொங்கியது. விளிம்பைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆறு காலால் கரையேறினார்கள். அம்மாசி பின்னோக்கி நடந்தான், மக்கிலிருந்து ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

படகை உள்ளே கொண்டுபோகக் கூடாது, இது பாதுகாக்கப்பட்ட கோட்டை என்றார் செபஸ்தி.

"நாங்க எங்கய்யா கொண்டு போறோம்?" என்றார் கொளஞ்சியப்பன். "அதுதான் எங்களைக் கொண்டு போவுது."

செபஸ்தி இருபது வருஷமாக வாசல் காக்கிறவர். இந்தப் பதிலுக்குச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் மூன்று பேரும் வளைவுக்குள் நுழைந்துவிட்டார்கள்.

அந்தக் காலத்துக் கோட்டை வாசல் நேராக உள்ளே போகாது. பத்தடி போய் வலது பக்கமாகச் செங்குத்தாக ஒடியும். கொளஞ்சியப்பன் திருப்பத்தில் திரும்பினார். படகின் மூக்கு எதிர்ச்சுவரில் முட்டியது. வால் பின்சுவரில் மாட்டியது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை.

"இந்தத் திருப்பம் எதுக்குன்னு தெரியுமா?" என்றார் பின்னாலேயே வந்த செபஸ்தி. தினமும் சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்வதை அவரால் நிறுத்த முடியவில்லை. "எதிரிங்க யானையை விட்டோ மரத்தைக் கொண்டோ நேரா வந்து இடிக்க முடியாது. முந்நூறு வருஷமா எந்தப் படையும் இந்த இடத்தைத் தாண்டினதில்ல."

படையே தாண்டாத இடத்தில் நாம் பாதி தாண்டியிருக்கிறோம் என்று அம்மாசி சந்தோஷப்பட்டான். வேம்பையன் காரியத்தில் கண்ணாக இருந்தான். மதிலைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கச் சொல்லலாமே என்றான்.

"யாருகிட்டச் சொல்றது?" என்றான் அம்மாசி.

"கட்டின வெள்ளைக்காரங்ககிட்டத்தான்."

எந்த நாட்டு வெள்ளைக்காரர்கள் என்று ஊருக்குள்ளேயே இன்னும் முடிவாகவில்லை என்று செபஸ்தி வருத்தத்தோடு சொன்னார்.

கொளஞ்சியப்பன் இதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து பந்தல் தெரிந்தது. வாழைமரம், வண்ணக் காகிதம், முப்பது அடி தூரம் இருக்கும். காலை மடக்கி ஓட்டைக்குள்ளிருந்து வெளியே எடுத்தால் போதும். மணி பத்து ஐந்து. எடுத்துவிடலாமா? அன்றைக்கும் இப்படித்தான். பஸ் முன்னால் நின்றது, படியில் காலை வைத்தால் போதும். அந்த இடத்தில்தானே எனக்கு ஒரு யோசனை வந்தது? வந்த யோசனை என்னுடையது என்பதாலேயே அது நல்லதென்று நம்பினேன். இப்போதும் ஒரு யோசனை வருகிறது. இதுவும் என்னுடையதுதான். அவர் விளிம்பை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார். தாய்மாமன் வந்தாகிவிட்டது, திருப்பம் வரைக்கும் வந்திருக்கிறார் என்று தங்கையிடம் சொல்லச்சொல்லிச் செபஸ்தியைக் கும்பிட்டார். செபஸ்தி குனிந்து, படகுக்கு அடியில் தவழ்ந்து உள்ளே போனார்.

பந்தலே எழுந்து வந்தது. முன்னால் செந்தாமரை. கோபத்தில் வந்தவள், சுவருக்கும் சுவருக்கும் நடுவில் அண்ணனைப் பார்த்து நின்றுவிட்டாள். பதினெட்டு வருஷத்தில் அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

"இறங்கி வாண்ணே," என்றாள்.

"இறங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க தாயி."

"யாரு?"

"படகு குடுத்த அம்மா. அவங்க வந்து சொன்னாத்தான் இறங்கணுமாம்."

மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். செந்தாமரை கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்படிச் சொல்லியிருந்தா இறங்கக் கூடாதுதான்," என்றாள். பிறகு திரும்பி மகளை முன்னால் விட்டாள்.

தையல்நாயகி வந்து நின்றாள். கொளஞ்சியப்பன் முதலில் அவள் காலைத்தான் பார்த்தார். இரண்டு காலிலும் நின்றாள். பெரிய நிம்மதி. தோளில் போட்டிருந்த நாரை எடுத்தார். ஏழு பூவும் பாசியும். இதைப் போடுவதா என்று கை தயங்கியது. மாமன் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் தானே தலையைக் குனிந்தாள்.

"மச்சான் மாலை போடறார்," என்றான் வேம்பையன்.

உத்தரவு உத்தரவுதான். மாலையைக் கழற்றி வாங்கி வேம்பையனும் ஒருமுறை போட்டான். அப்புறம் அது பின்னால் கைமாறி அம்மாசிக்குப் போனது. அம்மாசி திருப்பத்துக்கு அந்தப் பக்கம், கண்ணை மூடிக்கொண்டு, கடலைப் பார்த்து நின்றிருந்தான். ஒரு கையில் மக் இருந்ததால் மறுகையால் மாலையை எட்டிப் போட்டான். "போட்டாச்சு" என்றான். அது, அப்போதுதான் கரையேறி மூச்சு வாங்க ஓடிவந்த ரெஜினாவின் கழுத்தில் விழுந்தது.

ரெஜினா பாசியைப் பார்த்தாள், பிளந்த படகைப் பார்த்தாள், விசிலை எடுத்து நீளமாக ஊதினாள்.

"இறங்குங்கய்யா," என்றாள்.

மூன்று பேரும் மறுபேச்சில்லாமல் இறங்கினார்கள். இவ்வளவு நேரம் ஏன் இறங்கவில்லை என்று அவள் கேட்டாள். நீங்கள் இப்போதுதானே சொன்னீர்கள் என்றார் கொளஞ்சியப்பன்.

மாலை வந்த வழியே திரும்பி மணப்பெண் கழுத்துக்குப் போனது. தாய்மாமன் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப்போக, பத்து இருபத்தைந்துக்குத் தாலி ஏறியது. கொளஞ்சியப்பன் அழுதார். மச்சான் அழுவறார் என்றான் வேம்பையன். அழுதாச்சு என்றான் அம்மாசி.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது செந்தாமரை வாசல் வரைக்கும் வந்தாள். "ஆடிப் பதினெட்டுக்குப் பொண்ணு மாப்பிள்ளையை அழைக்கிறேன். நீயும் வந்துடுண்ணே. இன்னைக்கு எப்படி வந்தியோ அதே மாதிரி வந்துடு."

படகு இனிமேல் தண்ணீருக்கு ஆகாது, எடுத்துக்கொண்டு போங்கள், உங்கள் முகத்தையும் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாம் என்று ரெஜினா சொல்லிவிட்டாள். சொன்னபடி எடுத்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு மாதம் கொளஞ்சியப்பன் சரியாகச் சாப்பிடவில்லை. அதே மாதிரி என்றால் படகோடா? இதில் என்ன சந்தேகம் என்றார்கள் மற்ற இருவரும். ஆனால் அவருக்கு அந்தத் திருப்பத்தில் கேட்ட சிரிப்பு ஞாபகம் வந்துகொண்டேயிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தங்கைக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்? அன்பில் ஒரு வார்த்தை சொன்னாள் என்றால் அதை அப்படியேவா எடுத்துக்கொள்வது? நான் சொன்னதைச் செய்கிறவனா, இல்லை யோசிக்கப் பயந்து சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவனா? பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு அவர் மறுபடியும் தன் புத்தியை உபயோகித்தார். படகை மாட்டுக் கொட்டகையில் விட்டுவிட்டு, மூன்று பேரும் சாதாரண மனிதர்கள் போல பஸ் ஏறி, சீர்படுத்தித் திறந்துவிட்ட தரைவாசல் வழியாக, ஆடிப் பதினெட்டு காலை ஒன்பது மணிக்கு நடந்தே தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

வீட்டுக்கு முன்சுவர் இல்லை. செங்கல்லும் காரையும் குவியலாகக் கிடக்க, பக்கத்தில் கடப்பாரையோடு கொத்தனார் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கூடமும் ஊஞ்சலும் சமையற்கட்டும் தெருவிலிருந்தே தெரிந்தன. சுவர் இருந்த இடத்தில் நிலையும் கதவும் மட்டும் தனியாக நின்றன. கதவு பூட்டியிருந்தது.

செந்தாமரை கூடத்திலிருந்து எழுந்து வந்தாள். மூன்று பேரையும் பார்த்தாள். அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"படகு எங்கண்ணே?"

கொளஞ்சியப்பன் ஊர்ப்பக்கம் கையைக் காட்டினார்.

"பதினெட்டடிப் படகு எப்படி உள்ள திரும்பும்னு மூணு நாளா சுவரை இடிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ பாட்டுக்கு நடந்து வந்து நிக்கிறே."

அவர் தங்கையை நிமிர்ந்து பார்த்தார். தலையில் ஏறியிருந்த ஏதோ ஒரு பாரம் விலகியது போல இருந்தது. வாழ்க்கைப்பட்டுப் போய் இத்தனை காலமாகியும் அவள் நத்தக்காட்டுப் பெண்ணாகவே இருந்தாள்.

"போய் எடுத்துக்கிட்டு வந்துடறேன் தாயி," என்றார். அவர் திரும்பினார். வேம்பையனும் திரும்பினான். அம்மாசி ஏற்கெனவே திரும்பித்தான் நின்றிருந்தான். ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது. சுவரே இல்லாத வீட்டில் கதவை ஏன் பூட்டி வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.

"திறந்து போட்டுட்டா கண்டவனும் உள்ள வந்துடுவானேண்ணே," என்றாள் செந்தாமரை. "நீ வந்ததும் தட்டு. உனக்குன்னா நான் திறக்கிறேன்."

கொளஞ்சியப்பன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மச்சான் கண்ணைத் துடைக்கிறார்," என்றான் வேம்பையன்.

"துடைச்சாச்சு," என்றான் அம்மாசி.